பக்கத்து சீட்டில் ஆட்டம்

“தம்பி, அது கழலலை. இறுகுது” என்றாள் அவள்.

டயர்க்காரர் மரச் சுத்தியலை ஓங்கிய கையோடு திரும்பிப் பார்த்தார். சக்கரத்தின் நடுவில் இரண்டு காதுகளோடு இருந்த பெரிய நட்டை அவர் ஏற்கெனவே பலமுறை அடித்துப் பார்த்துவிட்டார். அது அசையாததற்குத் துருவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“இடது பக்கம் ரெண்டும் எல்லா நட்டு மாதிரிதான். வலது பக்கம் ரெண்டையும் எதிர்ப்பக்கம் அடிக்கணும். அம்புக்குறி இருக்கும் பாருங்க, கிரீஸைத் துடைச்சாத் தெரியும்.”

அவர் துணியால் துடைத்தார். அம்புக்குறி தெரிந்தது. கொஞ்சமும் வெட்கப்படாமல் சிரித்தார்.

“இந்த மாதிரி வண்டியை இப்பத்தான் ரெண்டாவது தடவையாப் பார்க்கிறேன் அக்கா. முதல் தடவை பார்த்தது காலண்டர்ல.”

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகுதான், இன்றைக்கு இப்படிச் சிரிக்கலாமா என்று இருந்தது. வீட்டில் அவள் கணவர் படுத்திருக்கிறார். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவளோ இங்கே டயர் கடையில், ரப்பர் வாசனைக்கு நடுவில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

வண்டிக்கு வீட்டில் பெயர் தவளை. பச்சை நிறம், தரையோடு தரையாக உயரம், முன்னால் முழித்துக்கொண்டிருக்கும் இரண்டு விளக்கு. மேல்கூரை இல்லாத, கம்பிச் சக்கரம் வைத்த, பழைய பந்தயக் கார் போன்ற ஒன்று. பழைய கார் இல்லை. பழைய வடிவத்தில் ஒரு சிறிய பட்டறையில் புதிதாகக் கட்டியது. சிக்னலில் நிற்கும்போது யாராவது “எந்த வருஷத்து வண்டி சார்?” என்று கேட்டால், பச்சை விளக்கு எரிந்து பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்கும் வரை அவர் இதை விளக்கிக்கொண்டிருப்பார். அதில் இரண்டே சீட். “பிள்ளை பெத்த வீட்டுல ரெண்டு சீட் கார் வாங்குன ஒரே ஆள் எங்க அப்பாதான்” என்று மகள் இன்றுவரை சொல்லிக் காட்டுவாள்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஆயுசு முழுக்க அவருடைய பிழைப்பே ஒரு கேள்விதான்: “இப்ப நல்லாத் தெரியுதா, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா?” நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொன்னாலும் நம்புவார். எதிர்த்துப் பேச மாட்டார். கண் அவங்களோடது, அவங்களுக்குத்தான் தெரியும் என்பார். பெண்டாட்டி மட்டும் விதிவிலக்கு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு “வண்டி ஆடுது” என்று அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள்.

கிடங்குகள் வரிசையாக இருக்கும் அந்த நேர் ரோட்டில், வேக முள் அறுபதைத் தாண்டியதும் தொடங்கும். முதலில் தொடையில், பிறகு முதுகில், கடைசியில் பல்லில். “ஆடுதுங்க.” “ஆடலை.” “எனக்கு ஆடுதே.” “ஸ்டீயரிங்கை நான்தானே பிடிச்சிருக்கேன். ஒரு சிலிர்ப்புக்கூட இல்லை. ஆடறது வண்டி இல்லை, உன் பயம்.”

கம்பிச் சக்கரத்தை ஊரில் எந்தக் கடையிலும் பேலன்ஸ் பார்க்கும் மெஷினில் சரியாக ஏற்ற மாட்டார்கள் என்று அவரே ஷெட்டில் ஒரு தண்டு செய்து, முன்சக்கரம் இரண்டையும் அதில் மாட்டிச் சுற்றவிட்டு, கனமான பக்கம் கீழே வந்து நிற்பதைப் பார்த்து, எதிர்ப்பக்கம் குட்டிக் குட்டி ஈயத்துண்டுகளை ஒட்டினார். லென்ஸ் தேய்க்கும் கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்குப் போனது. அதற்குப் பிறகு ஸ்டீயரிங் வெண்ணெயாக இருந்ததாம். பின்சக்கரத்தை அவர் தொடவில்லை. ஸ்டீயரிங்கோடு சேராத சக்கரத்தில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அவளும் ‘ஆடுது’ என்பதை விடவில்லை. இருவரும் அந்தச் சண்டையை வீட்டுச் சாமான் மாதிரி பத்திரமாக வைத்திருந்தார்கள். வேறு சண்டைகள் வந்தன, போயின. பெரிய சண்டைகளும் இருந்தன, அவற்றில் சில இப்போது நினைவில்கூட இல்லை. இது மட்டும் இருந்தது.

அவர் நோயில் விழுந்த பிறகு தவளை ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. கடைசியாக ஓடியது, ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் கையில் வந்த அன்றைக்கு. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாசலுக்கு வந்ததும் அவர் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் தன் தையல் கடை வேனைத்தான் ஓட்டிப் பழகியவள். தவளையின் ஸ்டீயரிங்கை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிடித்தாள். அவர் சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே வந்தார். பாவம், ரிப்போர்ட்டைத்தான் நினைத்துக்கொண்டு வருகிறார் என்று அவளும் பேச்சுக் கொடுக்கவில்லை.

இன்று காலையில் டயர் கடையிலிருந்து போன் வந்தது. அந்த அளவு டயர் லேசில் கிடைப்பதில்லை. போன மாதம் அவர்தான் படுக்கையில் இருந்தபடியே சொல்லி வைக்கச் சொல்லியிருந்தார். எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நோயாளி கேட்பதைச் செய்துவிட வேண்டும் என்று ஒரு நினைப்பு.

“டயர் வந்துடுச்சா?” என்றார் கண்ணைத் திறந்து.

“வந்துடுச்சாம். அதுக்கு இப்ப என்ன?”

“போய் மாத்திட்டு வா.”

“இப்பவா?”

“அந்தக் கடையில கம்பிச் சக்கரமும் ஏத்துற மெஷின் இருக்காம், விசாரிச்சேன். சுத்திப் பார்த்துட்டு வந்து சொல்லு. ஆட்டம் வண்டியோடதா, உன்னோடதான்னு தெரிஞ்சுடும்.” மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, “தெரிஞ்சுக்கணும்ல” என்றார்.

மகள் அடுக்களை வாசலில் வழி மறித்தாள். “அம்மா, உனக்கென்ன பைத்தியமா? இந்த நேரத்துல டயர் மாத்தப் போறியா?”

அவருடைய அக்கா, அவளுக்கு நாத்தனார், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னாள்: “போகட்டும் விடு. வண்டிதானே முக்கியம். மனுஷன் எங்க போயிடப் போறான்.”

நாத்தனார் பேச்சு எப்போதும் அப்படித்தான், ஊசியைப் பஞ்சில் வைத்துத் தருவாள். அவள் சாவியை எடுத்தாள். உள்ளே போய் அவர் போர்வையைச் சரி செய்தாள். “சீக்கிரம் வந்துடறேன்” என்றாள். “அவசரப்படாதே. நட்டைச் சரியா அடிக்கச் சொல்லு” என்றார். ஷெட்டிலிருந்து வண்டியைக் கிளப்பும் சத்தம் அவர் அறைக்குக் கேட்கட்டும் என்று ஒரு மிதி கூடவே மிதித்துவிட்டு வந்தாள்.

இப்போது நாலு சக்கரமும் தரையில் கிடந்தன. தவளை நாலு ஸ்டாண்டின் மேல் நின்றது. டயர்க்காரர் ஒரு டயரை விரலால் அமுக்கிப் பார்த்தார். தரையைத் தொடும் வரிப்பூவெல்லாம் அப்படியே இருந்தது, தேயவே இல்லை. ஆனால் பக்கவாட்டில் பாளம் பாளமாக வெடிப்பு.

“பார்க்கத்தான் புதுசு. ரப்பர் செத்துப் போச்சு அக்கா. நல்லவேளை கொண்டாந்தீங்க” என்றார். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்து, என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் டயரைப் புரட்டிப் போட்டார்.

“தம்பி, டயரைக் கழட்டறதுக்கு முன்னாடி பழசோடயே ஒரு தடவை மெஷின்ல சுத்திக் காட்டுங்க.”

“தூக்கிப் போடப் போற டயரை எதுக்கு அக்கா சுத்தணும்?”

“எங்களுக்குள்ள ஒரு பஞ்சாயத்து இருக்கு.”

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கல்யாணமானவராக இருக்க வேண்டும்.

முதலில் மாட்டியபோது மெஷின் தாறுமாறாக ஏதேதோ எண் காட்டியது. நாலு சக்கரமும் கோணல் என்றது. பிறகு டயர்க்காரரே தலையைச் சொறிந்துகொண்டு, சக்கரத்தைக் கவ்வும் கூம்பு இதற்குப் பொருந்தவில்லை, நடுவில் உட்காராமல் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். அலமாரியில் தேடி, தூசி படிந்த டப்பாவிலிருந்து கம்பிச் சக்கரத்துக்கான கூம்பை எடுத்து வந்தார். மறுபடி மாட்டினார்.

முன்சக்கரம் இரண்டும் சுற்றின. திரையில் ஏறக்குறைய பூஜ்யம். டயர்க்காரர் குனிந்து உள்பக்கம் ஒட்டியிருந்த ஈயத்துண்டுகளைப் பார்த்தார்.

“யாரு ஒட்டினது இது?”

“எங்க வீட்டுக்காரர். கையால.”

“மெஷின் இல்லாமலா? பெரிய ஆளுதான்.”

பெருமை வந்தது. போய்ச் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள். வலது பின்சக்கரம் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தது. பரவாயில்லை ரகம். கடைசியாக இடது பின்சக்கரத்தை மாட்டினார்.

மெஷின் மூடியை இறக்கியதும் சக்கரம் வேகம் எடுத்தது, மெஷினே தரையில் ஒரு நடுக்கம் நடுங்கியது. கண்ணுக்கே தெரிந்தது, டயரின் விளிம்பு வந்து வந்து போனது. திரையில் வந்த எண்ணைப் பார்த்து டயர்க்காரர் விசில் அடித்தார்.

“இதை வச்சுக்கிட்டா ஓட்டினாரு? அக்கா, முன்சக்கரம் கோளாறுன்னா ஸ்டீயரிங்ல தெரியும். பின்சக்கரம்னா சீட்டுலதான் தெரியும். அதுவும் இது இடப்பக்கம். அந்தப் பக்கம் உட்கார்ந்தவங்க பாடு திண்டாட்டம்தான்.”

“நான்தான் அது” என்றாள்.

ஜெயித்துவிட்டாள். இத்தனை வருஷம் கழித்து மெஷினே வந்து சாட்சி சொல்லிவிட்டது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். ஒரு நிமிஷம் நன்றாகவே இருந்தது. ஓடிப் போய் அவர் கட்டில் பக்கத்தில் நின்று “நான் சொன்னேன்ல” என்று சொல்ல வேண்டும் போல வாய் துறுதுறுத்தது.

புது டயரை மாட்டும்போது டயர்க்காரர் வண்டிக்குள் எதையோ எடுக்கக் கையை ஊன்றினார். முதலில் ஓட்டுபவர் சீட்டில். பிறகு பக்கத்து சீட்டில்.

“என்ன அக்கா, இது மெத்தை மாதிரி இருக்கு, அது பலகை மாதிரி இருக்கு?”

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைப்பதுதான் அவள் தொழில். தவளையின் இரண்டு சீட்டும் அவள் கையால் தைத்தது. அவருக்கு இடுப்பு வலி. அவர் சீட்டில் ஸ்பாஞ்சை இரண்டு அடுக்காக வைத்து, அதன் மேல் மெத்தென்று இன்னொன்றும் வைத்துத் தைத்தாள். தன் சீட்டில் ஒற்றை ஸ்பாஞ்ச். உயரமாக உட்கார்ந்தால் முகத்தில் காற்று அறையும் என்று அவளே குறைத்து வைத்துக்கொண்டது.

இரண்டு கையையும் இரண்டு சீட்டிலும் வைத்து அமுக்கினாள். ஒன்று உள்ளே போனது. இன்னொன்று போகவில்லை. அவருக்கு ஆடவில்லைதான். ஆட விடாமல் செய்தது அவளே. அவர் பொய் சொல்லவில்லை, வீம்புக்கும் சொல்லவில்லை. இருவரும் உண்மையையே சொல்லிக்கொண்டு, இத்தனை வருஷம் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

அந்த “நான் சொன்னேன்ல” வாயிலேயே கரைந்துவிட்டது. சாகக் கிடக்கிற மனுஷனிடம் போய் ஜெயித்து என்ன ஆகப் போகிறது. சும்மா ஒரு பொய். அவர் நிம்மதியாக இருக்கட்டும்.

மகளுக்குப் போன் போட்டாள். “எப்படி இருக்காரு?”

“முழிச்சிருக்காரு. மூச்சுதான் ஒரு மாதிரியா இருக்கு. நீ எப்ப வர்ற?”

“இன்னும் ஒரு சக்கரம்தான். போனை அவர் காதுல வை.”

ஏதோ உரசும் சத்தம். பிறகு அவருடைய மூச்சு. அது விட்டு விட்டு வந்தது. நாத்தனார் தூரத்தில் யாரிடமோ பேசுவது கேட்டது.

“என்னங்க. நாந்தான். சுத்திப் பார்த்தாச்சு. நாலும் நல்லா இருக்கு. நீங்க ஒட்டின ஈயத்தைப் பார்த்துட்டுக் கடைக்காரரே அசந்து போயிட்டாரு. ஆட்டமே இல்லைங்க. நீங்க சொன்னதுதான் சரி. என் பயம்தான்.”

மூச்சு நின்று, மறுபடி வந்தது. அதில் ஒரு சின்னச் சத்தம். இருமலா என்று அவள் நினைத்தாள். மகள் போனை வாங்கிக்கொண்டாள்.

“அம்மா, என்ன சொன்ன? அப்பா சிரிக்கிறாரு.”

“சிரிக்கிறாரா?”

“ஆமா. இரு, ஏதோ சொல்றாரு.” கட்டில் கிறீச்சிட்டது, மகள் குனிந்திருக்க வேண்டும். “பொய்யின்னு சொல்றாரு.”

“என்னது?”

“‘பொய் சொல்றா. நான் அந்த சீட்ல உட்கார்ந்திருக்கேன்’னு சொல்றாரு. எந்த சீட்டும்மா? எனக்கு ஒண்ணும் புரியலை.”

அவளுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கிடங்கு ரோட்டில் அவள் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்காமல் வந்தார். தொடையில், முதுகில், பல்லில். ரிப்போர்ட்டை நினைத்திருப்பார்தான். அதோடு இதையும் நினைத்திருக்கிறார். அன்றிலிருந்து இதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வாயால் ஒத்துக்கொள்ள மனசில்லாமல், டயருக்குச் சொல்லி வைத்து, இன்றைக்கு மெஷினைக் கொண்டு சொல்ல வைத்திருக்கிறார்.

“ஒண்ணுமில்லை. வந்து சொல்றேன்” என்றாள். “அவர்கிட்ட சொல்லு, இதோ வந்துட்டேன்னு.”

டயர்க்காரர் இடது பின்சக்கரத்தைப் புது டயரோடு கடைசியாக ஒரு முறை மெஷினில் சுற்றினார். டயரைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, விளிம்பின் உள்பக்கம் ஈயம் ஒட்டி, மறுபடி சுற்றினார். திரையில் பூஜ்யம் நின்றது. சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நிற்க வெகுநேரம் ஆனது. அதை உருட்டி வந்து வண்டியில் ஏற்றி, நட்டைக் கையால் திருகிவிட்டு, சுத்தியலை எடுத்தபோது அவளுடைய போன் அடித்தது.

“அம்மா” என்றாள் மகள். அவ்வளவுதான். பின்னால் நாத்தனார் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதுப் பெயர். அந்தக் குரலில் ஊசி எதுவும் இல்லை.

“எப்ப?”

“இப்பத்தான். நீ வர்றேன்னு சொன்னேன். தலையை ஆட்டினாரு. நான் தண்ணி எடுக்கத் திரும்பினேன். அத்தைதான் பார்த்தாங்க.” மகள் அழ ஆரம்பித்தாள். “சிரிச்ச முகம் அப்படியே இருக்கும்மா.”

“சரி. அழாதே. அத்தையைப் பார்த்துக்கோ. நான் வந்துடறேன்.”

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்தது கோபம்தான். கடைசி வார்த்தையையும் அவரே பேசிவிட்டுப் போய்விட்டார். பதில் சொல்ல இடம் வைக்கவில்லை. பிறகு பக்கத்தில் இல்லாமல் போய்விட்டோமே என்று இருந்தது. கிரீஸ் படிந்த தரையைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

டயர்க்காரருக்கு விளங்கிவிட்டது. யார் என்று கேட்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டு வந்து வைத்தார். “என் வண்டியில கொண்டு போய் விட்டுடறேன் அக்கா. இது இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு நானே கொண்டாந்து விடறேன்.”

“வேண்டாம் தம்பி. நட்டை அடிச்சு முடிங்க.”

அவர் போய்க் குந்தி உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார். துக்கத்தில் இருக்கிறவளுக்கு முன்னால் சத்தம் போடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, பட்டும் படாமல் மெல்லத் தட்டினார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நல்லா அடிங்க தம்பி. மெல்ல அடிச்சாச் சக்கரம் கழண்டுடும்.”

அவர் ஓங்கி அடித்தார். கடையின் தகரக் கூரை முழுக்க அந்தச் சத்தம் எதிரொலித்தது. அது முடியும் வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். பிறகு நாலு நட்டையும் சுற்றி வந்து கையால் பிடித்துப் பார்த்தாள்.

“புது ரப்பர், வழுக்கும். கொஞ்ச தூரம் பார்த்துப் போங்க” என்றார் டயர்க்காரர்.

தலையை ஆட்டினாள். ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்ததும் அது அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. அவருடைய உடம்புக்குப் பழகிப் பள்ளம் விழுந்த இடம். பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தனக்குத் தகுந்த மாதிரி திருப்பப் போனவள், அப்படியே விட்டுவிட்டாள்.

கடைத்தெருவில் மெதுவாகத்தான் வந்தாள். சிக்னலில் ஸ்கூட்டர்க்காரர் ஒருவர் குனிந்து, “எந்த வருஷத்து வண்டிம்மா?” என்று கேட்டார். “பழைய வண்டி இல்லைங்க. பழைய வண்டி மாதிரி” என்றாள். விளக்கு மாறியது.

கிடங்கு ரோடு வெறிச்சென்று நேராகக் கிடந்தது. அவள் மிதித்தாள். ஐம்பது. காற்று முகத்தில் அறைந்தது. அறுபது. ஸ்டீயரிங்கில் ஒரு சிலிர்ப்பும் இல்லை. சீட்டிலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இந்த சீட்டை நம்ப முடியாது. தைத்தவளுக்கே தெரியும்.

இடது கையை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்தாள். உள்ளங்கை பதிய, நடுத் தையலின் மேல். வெயிலில் லேசாகச் சூடேறியிருந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தாள். கைக்குக் கீழே எதுவும் அசையவில்லை. 

வீட்டுக்குத் திரும்பும் வளைவு வந்தது. கியரைக் குறைக்க அந்தக் கைதான் வேண்டும். அவள் எடுக்கவில்லை. வளைவு பக்கவாட்டில் கடந்து போயிற்று. அடுத்த வளைவிலும் திரும்பலாம், கொஞ்சம் சுற்றுதான்.